எட்டில் செவ்வாய்

– ஓடுது பிள்ளை, ஓடுது! அதே நீலத் திரை… அதே பிள்ளையார் படம். பவதாரணி ரீச்சர், உம்மட கைக்கு என்ன குடுத்தாலும் தகும்.

– ஒண்டும் வேண்டாம் சதீசன் அண்ணை. முதல்ல…

– தொண்ணூற்றைஞ்சில கொழும்பில வேண்டின சாதகப் புறோகிறாம். கறன்ற் இல்லாத காலத்தில ஜெனரேற்றரில ஓட்டிக் குறிப்பு அடிச்சனான். பழைய கொம்பியூட்டர் செத்த அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்ல. புதுசில இது ஓடவே ஓடாதெண்டு யாழ்ப்பாணத்தில ரெண்டு கடைக்காரர் கையை விரிச்சிட்டாங்கள்.

– நேர ஓடாதுதான். லப்ரொப்புக்குள்ள பழைய கொம்பியூட்டர் மாதிரி நடிக்கிற ஒண்டைப் போட்டு, அதுக்குள்ள இதை இருத்தியிருக்கிறன். உங்கட புறோகிறாமுக்கு இன்னும் தொண்ணூற்றைஞ்சில இருக்கிறதாத்தான் நினைப்பு.

– நினைச்சிட்டுப் போகட்டும்! கிரகம் என்ன, புதுசா மாறவே போகுது?

– கிரகம் மாறாது. மணிக்கூடு மாறும்.

– என்ன?

– ஒண்டுமில்லை. சரியா ஓடுதோ எண்டு பாக்க என்ர குறிப்பை ஒருக்கா அடியுங்கோ. தொண்ணூற்றெட்டு ஓகஸ்ட் ஒன்பது. பகல் ஒரு மணி.

– ஒரு மணி… இந்தா வந்திட்டுது. விருச்சிக லக்கினம். எட்டில செவ்வாய். நீர் பிறந்த வருசம் என்ன சொல்லிச்சோ அதைத்தான் இப்பவும் சொல்லுது. பாத்தீரே, ஒரு இம்மி பிசகேல்ல!

– பிழையையும் பிசகாமல் சொல்லுது.

– என்ன பிழை?

– நேரத்தை அரை மணித்தியாலம் குறைச்சு அடியுங்கோ. பன்ரண்டரை.

– ஏன் குறைக்க…

– அடியுங்கோ அண்ணை.

– சரி சரி… துலா லக்கினம். செவ்வாய்… ஒன்பதில. குற்றமில்லை. எண்டாலும் நீர் பிறந்தது ஒரு மணிக்கெல்லே!

– எந்த மணிக்கூட்டில ஒரு மணி? தொண்ணூற்றாறில அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைச்சது மறந்து போச்சோ? பழைய நேரம், புது நேரம் எண்டு சனம் பத்து வருசம் இழுபட்டது மறந்து போச்சோ? ரெண்டாயிரத்தி ஆறிலதானே திருப்பி வைச்சவை!

– அது… ஓம், அப்பிடி ஒண்டு நடந்ததுதான்…

– நான் பிறக்கேக்க ஆசுப்பத்திரி மணிக்கூடு அரை மணித்தியாலம் முன்னுக்கு நிண்டது. உங்கட புறோகிறாம் அதுக்கு முதல் எழுதினது. அதுக்கு இந்த நேர மாத்தம் தெரியாது. இதை ஓட வைக்கிறதுக்கெண்டு போன கிழமை உள்ளுக்குத் திறந்து பாத்தனான். எல்லா வருசத்துக்கும் ஒரே நேரம்தான் போட்டுக் கிடக்கு.

– விசர்க் கதை கதைக்காதையும். இவ்வளவு காலத்தில ஒருத்தரும் பிழை சொல்லேல்ல.

– ஆர் சொல்லுறது? பிறின்ரரில வந்ததெண்டால் சனத்துக்கு வேதவாக்கு! காரைநகர்ச் சம்பந்தம் போச்சு… எட்டில செவ்வாய். கனடாவில இருந்து வந்த புங்குடுதீவுப் பெடியன், நேர வந்து பாத்து ஓமெண்டிட்டு, குறிப்பைக் கண்டோடன ஓடினான். அம்மா செவ்வாய்க்குச் செவ்வாய் பட்டினி கிடந்து வயித்தில புண் வந்து படுத்தவ. எல்லாத்துக்கும் மேல, என்னை வாழைமரத்துக்குக் கட்டி வைச்சவை அண்ணை!

– வாழை…?

– ஓம்! தோசம் கழிக்க! பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் படிப்பிக்கிற நான், வாழைக்கு முன்னால மாலையோட நிண்டனான். கட்டி முடிச்சு அதைத் தறிச்சும் விட்டவை. சிரிக்காதேங்கோ!

– சிரிக்கேல்லப் பிள்ளை… இருமல்.

– இப்ப ஒரு இடம் சரி வாற மாதிரி இருக்கு. எனக்குப் பிடிச்ச இடம். வெள்ளிக்கிழமை குறிப்புக் குடுக்கவேணும். பெடியன்ர தகப்பன் செவ்வாய்க் குறிப்பெண்டால் கையாலயும் தொடமாட்டாராம்.

– நியாயமான மனுசன்.

– ஓம். சரியான நியாயமான மனுசன். அதுதான் கேக்கிறன், என்ர குறிப்பைத் திருத்தி அடிச்சு, கீழ கையெழுத்தும் வைச்சுத் தாங்கோ.

– ஏலாது.

– ஏன் ஏலாது?

– கள்ளக் குறிப்பெண்டுவினம். உம்மடை ஒண்டைத் திருத்தினால் நாளைக்கு விடிய ஊர் முழுக்க இந்த வாசல்ல நிக்கும். கட்டினவையும் வருவினம், கட்டாதவையும் வருவினம். நான் என்னத்தைச் சொல்லுறது?

– பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ!

– அது மிசின் விட்ட பிழை…

– மிசின் பிழை விட்டது உங்களுக்கு எப்ப தெரியும்?

– இப்பத்தான். நீர் சொல்லித்தான்.

– உண்மையாவோ?

– அம்மாளாச்சி அறிய…

– அம்மாளாச்சியை இதுக்க இழுக்காதேங்கோ. இந்தாங்கோ, இது அந்தப் பெடியன்ர குறிப்பு. நீங்கள் அடிச்சது. தொண்ணூற்றேழில பிறந்தவர்.

– பேரைக் கையால மறைச்சுக்கொண்டு காட்டினால்…

– பேர் கிடக்கட்டும். அடியில என்ன நேரம் கிடக்கு?

– மூண்டு அம்பத்தைஞ்சு.

– இது அவர் பிறக்கேக்க குடுத்த ஆசுப்பத்திரிக் காட். இதில?

– நாலு… இருவத்தைஞ்சு.

– கழிச்சுப் பாருங்கோ.

– மூண்டு அம்பத்தைஞ்சு போக…

– கனக்க யோசிக்கத் தேவையில்லை. அரை மணித்தியாலம். இந்த ஆளுக்குக் கழிக்க உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏன் கழிக்கேல்ல?

– இந்தக் காட்டை… எங்கயிருந்து எடுத்தனீர்?

– முதல் நான் கேட்டதுக்கு மறுமொழி.

– கொஞ்சம் மெல்லக் கதையும். ரோட்டால சனம் போகுது.

– கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!

– …ரெண்டாயிரத்தி நாலில கடலுக்கு நடுவால போற தாம்போதி றோட்டால வரேக்க மோட்டச்சைக்கிளோட கடலுக்க விழுந்தனான். கால் முறிஞ்சு கிடந்த நேரம் மகன்ர குறிப்பை எடுத்துப் பாத்தன். ஒன்பதில சனி. தகப்பனுக்குக் கூடாதெண்டு போட்டுக் கிடந்தது. இருக்கேலாமல் ஒவ்வொண்டாத் தோண்டித் தோண்டிப் பாத்து… அப்பத்தான் மணிக்கூட்டு விசயம் பிடிபட்டது. கழிச்சு அடிச்சன். சனி பத்துக்குப் போட்டுது.

– உங்கட உயிரெண்டோடன தேடிப் பிடிச்சிட்டியள்!

– அதுக்குப் பிறகு ஆர் வந்தாலும் கழிச்சுத்தான் அடிச்சனான், பிள்ளை.

– அதுக்கு முதல் அடிச்சவைக்கு?

– …எழுபது, எண்பது பேர் இருப்பினம். எப்பிடிப் போய்ச் சொல்லுறது? வெக்கம். நாள் போகப் போக இன்னும் வெக்கம்.

– எங்கட அம்மா பட்டினி கிடந்தது உங்கட வெக்கத்துக்கோ? இருவது வருசம்! எத்தினை தரம் உங்கட கடைக்கு முன்னால போய் வந்திருப்பம்! கூப்பிட்டு ஒரு சொல்லுச் சொல்ல வாய் வரேல்லையோ? இண்டைக்கும், நேரக் கேட்ட பிறகும், முகத்தைப் பாத்துப் பொய் சொல்லுறியள்!

– சரி… பிழைதான். மிசின்ர பிழையில்லை, என்ர பிழை. நான் தெரிஞ்சுகொண்டு விட்ட பிழை. போதுமோ? இனியாவது சொல்லும்… என்ர மகன்ர காட் உம்மட கையில எப்பிடி வந்தது?

– நிமலன்தான் உங்கட அலுமாரியில இருந்து எடுத்துத் தந்தவர். குறிப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், போய்க் கலியாணத்தை எழுதுவம் எண்டு நிண்டவர். நான்தான் மாட்டனெண்டனான். உங்கட அப்பா தன்ர வாயால பிழையை ஒத்துக்கொள்ளட்டும், பிறகு பாப்பம் எண்டனான். இப்ப அடியுங்கோ மாமா, ரெண்டு கொப்பி. ஒண்டு எங்கட வீட்டுக்கு, மற்றது உங்கட வீட்டுக்கு.