அருவிச் சத்தத்துக்கு வந்த நோட்டீஸ்

நடந்ததை நடந்தபடியே சொல்வேன். கைதட்டலுக்காகக் கூட்டவும் மாட்டேன், கூச்சத்துக்காகக் குறைக்கவும் மாட்டேன். இதை முதலில் இந்த அவைக்கு வாக்காகத் தருகிறேன்.

இலஞ்சி வாசகர் வட்டத்தின் ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கி, பள்ளிப் பிள்ளைகளிடமும் மைக்கைக் கொடுக்கத் துணிந்த ஆவுடையப்பன் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முகக்குறிப்பாலேயே என் பிழைகளைத் திருத்தும் ஆசிரியப் பெருமக்களே! வயலில் நின்ற கால்களோடு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைப்பேசியும் கையுமாக இருக்கும் தோழிகளே! அனைவருக்கும் பதினோராம் வகுப்பு யோகலட்சுமியின் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'இணையமும் சட்டமும்'. சட்டத்தை நான் ஒரு பழக்கடையிலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தான் விற்கும் ஜெயபிரியா அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். சீசன் வந்தால் தினமும் காலையில் அருவிக்கரையில் கைப்பேசியை உயர்த்திப் படம்பிடித்து, தன் சேனலில் போடுவாள். "தண்ணி நல்லா விழுது, தாராளமா வாங்க" என்பாள். வெள்ளம் வந்தால், "போலீஸ் விசிலடிச்சாச்சு, இன்னைக்கு வராதீங்க" என்பாள். கூடை நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு 'வராதீங்க' என்று சொல்ல எத்தனை வியாபாரிகளுக்கு வாய் வரும்? அவளுக்கு வந்தது! அதனால்தான் ஊர் ஊராக அவளை நம்பினார்கள். பழத்துக்கும் அந்தச் சேனலிலேயே சொல்லி வைத்தார்கள்.

இந்த ஆண்டு, சாரல் தொடங்கிய வாரம், அவளுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. என்னவென்று? "உங்கள் காணொளியில் உள்ள சத்தம் வேறொருவருக்குச் சொந்தமானது. மேலும் இருமுறை இப்படி நடந்தால் சேனல் மூடப்படும்."

சிரிக்கிறீர்கள்! நானும் சிரித்தேன். காணொளியில் பாட்டு உண்டா? இல்லை. மேளம் உண்டா? இல்லை. அருவியும் அருவிக்கரையின் சத்தமும்தான். எங்கோ ஓர் இசை நிறுவனம், தூக்கம் வராதவர்களுக்காக நீர் விழும் ஓசையை வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்ட இயந்திரம், நம் ஐந்தருவியைத் திருட்டுச் சரக்கு என்று தீர்மானித்துவிட்டது!

சிரிப்பு அடங்கட்டும். அன்று அக்கா சிரிக்கவில்லை. நான் போனபோது கூப்பிடு தூரத்தில் அருவி. அவள் முகத்தில் ஈரமே இல்லை.

"விசிலடிச்சிட்டானுவட்டி" என்றாள். "எதுக்கு வம்பு? சீசன்ல எடுத்தது பூரா அழிச்சிட்டேன். போன்லயும் இல்ல."

"யாருக்கா விசிலடிச்சது?"

"அது தெரிஞ்சா நான் என்னத்துக்கு அழிக்கேன்?"

அவையோரே, இந்தத் தவற்றை நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்ய முடியும். தலையில் எண்ணெயோடு நின்றாலும், விசில் கேட்டால் காரணம் கேளாமல் கரையேறுவோம். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் அது. உயிர் காக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் அக்காவும் கரையேறினாள். ஆனால் அழித்ததால் நோட்டீஸ் அழியவில்லை. அவள் பக்கத்துச் சான்றுதான் அழிந்தது.

அவள் வாய்மூடிய வாரத்தில் என்ன ஆயிற்று? யாரோ பழைய படம் ஒன்றை 'இன்றைய அருவி' என்று பரப்ப, ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, நனையாத துண்டோடு திரும்பியது. உண்மையின் வாயை அடைத்தால் பொய் தானே ஏறி அமரும்!

அந்தத் தளத்தின் விதிகளை அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். மறுப்புச் சொல்ல வழி இருந்தது. சான்று வேண்டும் என்றது. அப்போதுதான் வேன் ஓட்டும் மைதீன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு அக்காவிடம் வந்தார்.

"ஏம்மா, கோவப்படாத. ஒன்ட்ட கேக்காமத்தான் தினமும் ஒன் வீடியோவ எறக்கி நம்ம வேன் குரூப்ல போட்டேன். பயலுவ அதப் பாத்துதான் சவாரி எடுக்கானுவ."

"களவாணி அண்ணாச்சி!" என்று கத்தினாள் அக்கா. "இன்னும் இருக்கா அது?"

"ஒண்ணு விடாம இருக்கு."

பாருங்கள், அனுமதி கேளாமல் நகலெடுத்த கையே அவளைக் காப்பாற்றியது! அதற்காகக் காப்புரிமையே வேண்டாம் என்பேனா? மாட்டேன். இதே அக்காவின் படத்தில் ஒரு விடுதி தன் பெயரைப் பொறித்துக்கொண்டபோது, அவள் சண்டைக்குப் போனது நியாயம். எடுத்தவருக்குப் பதிவு சொந்தம். ஆனால் விழுகின்ற அருவி யாருக்குச் சொந்தம்?

வேன் குரூப்பிலிருந்து மீட்டு நாங்கள் அனுப்பிய அந்தக் காணொளியில் ஒரு குரங்கு பழத்தைப் பறிக்கிறது, அக்கா திட்டுகிறாள், நடுவே போலீஸ் விசில் வீறிடுகிறது. நான் எழுதினேன்: "ஐயா, உங்கள் தூக்கப் பாட்டில் போலீஸ் விசில் உண்டா?" அதைப் படித்த மனிதர் யாரோ, அவரும் சிரித்திருக்க வேண்டும். உரிமைக்கோரலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இன்று காலை அக்கா மீண்டும் கைப்பேசியை உயர்த்தினாள்!

என்ன, சுடலைமணி அண்ணாச்சி? "அப்பம் போலீஸ் விசிலடிச்சாலும் குளிக்கலாங்கியாட்டி?" என்றா கேட்கிறீர்கள்? வேண்டாம் அண்ணாச்சி, கரையேறிவிடுங்கள்! அங்கே விசிலடிப்பவர் கண்முன் நிற்கிறார். காரணம் மலைமேலிருந்து கொட்டுகிறது. வெள்ளம் வடிந்தால் அவரே வழிவிடுகிறார். இணையத்தில் ஒரு குரலை நிறுத்தும் அரசானாலும், நிறுவனமானாலும், இயந்திரமானாலும் அப்படி நிற்கட்டும்! முகம் காட்டட்டும்! காரணம் காட்டட்டும்! திரும்பி வரும் வழியைக் காட்டட்டும்! காட்டாத விசிலுக்கு நாம் கரையேற வேண்டாம். நின்று, நிமிர்ந்து, 'யார் அடித்தது?' என்று கேட்போம்! கேட்டால் பதில் வரும். இந்தச் சீசனில் எங்களுக்கு வந்தது.

ஐயா மணியடித்துவிட்டார். அடித்தவர் யாரென்று தெரியும், எதற்கென்றும் தெரியும். ஆகவே வாதாடாமல் இறங்குகிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிச் சிரிக்கும் ஜெயபிரியா அக்காவுக்கும் நன்றி. அவள் இன்று காலை எடுத்த அருவியை இந்தச் சுவரில் காட்டப் போகிறார்கள். சத்தம் முழுவதும் நம்முடையது, கேளுங்கள்.

வணக்கம். இதோ, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.