கையில் கட்டிய நீலம்

பெரியநாயகி: கப்பல் முழுகியே போச்சுங்களா?

காளியண்ணன்: கண்ணு முன்னால முழுகுச்சு புள்ள.

பெரியநாயகி: நீங்கதான் கப்பலே பாத்ததில்லையே மாமா. கெனாவுல எப்படி இருந்துச்சு?

காளியண்ணன்: எப்படின்னா... நம்ம ஜேடர்பாளையத்துப் பரிசலாட்டத்தான். கொஞ்சம் பெருசு.

பெரியநாயகி: பரிசல்லயா பெனாங்கு போறாங்க?

காளியண்ணன்: கெனாவுல வந்ததைச் சொல்றேன். நீ என்னமோ வக்கீலாட்டக் கேக்கறே.

பெரியநாயகி: இல்லீங்க... முந்தாநேத்து எருமை தொரத்துச்சு. நேத்து கெணத்துல உழுந்தீங்க. இன்னைக்குக் கப்பல்...

காளியண்ணன்: மூணு ராத்திரியும் கெட்ட கெனா. நீலக்கல்லு எனக்கு ஆவலைன்னு இதுக்கு மேல யாரு சொல்லோணும்? சனியோட கல்லு அது. சேந்தா ராசா ஆக்கும், சேராட்டி மூணு ராத்திரியில காட்டிப்போடும்னு சொல்லித்தானே காங்கேயத்து யாவாரி குடுத்துட்டுப் போனாரு.

பெரியநாயகி: பால்ல போட்டுக் காட்டினாரே, பாலே நீலமாத் தெரிஞ்சுதுங்களே.

காளியண்ணன்: அதான் பயமே. ஒரு பக்கம் பாத்தா கத்திரிப்பூ நெறம். திருப்பினா வெறும் கெணத்துத் தண்ணி. ரெண்டு மொகம் இருக்கற கல்லை நம்பிக் கடல் தாண்ட முடியுமா?

பெரியநாயகி: எங்கண்ணன் மத்தியானம் வண்டியோட வந்துருமே. பெனாங்குக் கடையைப் பாத்துக்க நீங்க வாரீங்கன்னு நம்பிக்கிட்டு...

காளியண்ணன்: கல்லு தடுத்துப்போடுச்சு மச்சான்னு சொல்லீர்றேன். போவமாட்டேன்னு நானா சொன்னேன்? சேந்தமங்கலம் சந்தை பூராச் சொல்லி வெச்சேன். கோட்டுக்கூடத் தெச்சாச்சு. என்ன பண்றது, என்ற தலையெழுத்து.

பெரியநாயகி: அப்படிச் சொல்லாதீங்க மாமா...

காளியண்ணன்: ஏம்புள்ள அழுவறே? நான் போவலைன்னா நீ சந்தோசப்படுவேன்னு பாத்தேன்.

பெரியநாயகி: உங்க தலையெழுத்து ஒண்ணுமில்லீங்க. நாந்தான்...

காளியண்ணன்: நீதான்?

பெரியநாயகி: அன்னைக்கு உங்க கையில கட்டினேனே, அந்தப் பட்டுத்துணிக்குள்ள கல்லே இல்லீங்க.

காளியண்ணன்: பின்னே?

பெரியநாயகி: ஆமணக்கு முத்து. கல்லு ராகிப் பானைக்குள்ள கெடக்குது.

காளியண்ணன்: ஓ...

பெரியநாயகி: கல்லு சேந்துட்டா நீங்க கப்பலேறிருவீங்க. சேராட்டி உங்க உசுருக்கு ஆவாது. ரெண்டுக்கும் பயந்துதான் மாத்தினேன். உங்களுக்குக் கெனா வந்தது ராத்திரி போட்ட மொச்சைக் கொழம்பாலதான் இருக்கும்.

காளியண்ணன்: மொச்சையா... இருக்கும், இருக்கும்.

பெரியநாயகி: நீங்க தலையெழுத்துன்னு சொன்னதும் மனசு கேக்கல மாமா. நல்லா வாழ வேண்டிய மனுசனை நாந்தானே தடுத்துட்டேன். அண்ணனை இன்னும் மூணு நாள் இருக்கச் சொல்லுங்க. நெசக் கல்லை எடுத்துக் கட்டி உடறேன். சேந்துச்சுன்னா போயிட்டு வாங்க. நான் அழுவ மாட்டேன்.

காளியண்ணன்: வேண்டாம் புள்ள. யாவாரி வார வரைக்கும் அது பானையிலயே கெடக்கட்டும்.

பெரியநாயகி: என்மேல கோவமுங்களா?

காளியண்ணன்: கோவம் என்ன கோவம்...

பெரியநாயகி: பின்னே ஏனுங்க?

காளியண்ணன்: நீ கட்டி உட்ட அன்னைக்கே, கல்லு எனக்குச் சேந்து தொலைச்சுருமோன்னு பயந்து, எடுத்து ஒளிச்சு வெக்கலாம்னு முடிச்சை அவுத்தேன். உள்ள ஆமணக்கு முத்து இருந்துச்சு. அதைப் பாத்ததுக்கு அப்புறந்தான் புள்ள எனக்குக் கெனாவே இல்லாத தூக்கம் வந்துச்சு.