ஏழாம் இடத்தில் இரண்டு வலை

பொன்னேரி போகும் பஸ்ஸில், முன்சீட்டில் ஐடி அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். ஒட்டுக்கேட்கும்போது தூங்குவதாக நடிப்பது என் வழக்கம். குறட்டைகூட விடுவேன். ஜன்னலோரப் பெண் வாய் திறந்ததும் அது தானாக நின்றுவிட்டது.

“நான் எழுதின ஒரு வரி கோடால எங்க நைனாவும் மாமாவும் ஏரி நடுவுல அடிச்சிக்கினாங்கடி.”

“இன்னா பண்ணே?”

“யார் எங்க வலை போடணும்னு சீட்டு குலுக்குவாங்க இல்ல, அதுக்கு ஆப் செஞ்சேன். அமுக்கினா எடம் நம்பர் வரும். அடுத்த நம்பரை ஸ்டேட்டிக்கா வெச்சேன்.”

“கரெக்ட்தான? சர்வர் ஆரம்பிக்கும்போது ஒரே வாட்டி ஒண்ணுன்னு வெக்கும். அப்புறம் மொத்த ஊருக்கும் அந்த ஒரே நம்பர்தான், அமுக்க அமுக்க ஒண்ணொண்ணா ஏறும்.”

“ஒருத்தர் முடிக்கற வரைக்கும் அடுத்தவரை நிறுத்தி வெக்கற லாக் போடலடி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஓடின த்ரெட்டு ரெண்டும் ஏழுன்னு படிச்சி, ரெண்டு பேருக்கும் ஏழாம் எடத்தைக் குடுத்துடுச்சி.”

“இப்ப லாக் போட்டுட்டியா?”

“போட்டாச்சு. ஆனா அவங்க பேசிக்கறதே இல்ல. தை மாசம் மாமா பையனோட எனக்குக் கல்யாணம்!”

“ஐயோ. இன்னா பண்ணப்போறே?”

“சாயந்தரம் ஊர்க்கூட்டத்துல தப்பு என்னுதுன்னு சொல்லி, ரெண்டு பேரையும் சேர்ந்து அமுக்கச் சொல்வேன். இப்ப எட்டு, ஒம்பதுன்னு தனித்தனியா வரும்.”

“சேர்ந்து அமுக்கணும்னா பக்கத்துல பக்கத்துல உக்காரணுமே?”

“அதுக்குத்தான்டி டெஸ்டே.”