பீலியில் மறித்த வாளி

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கோயில் தலைவர் காளிமுத்து ஐயா அவர்களே, மூத்த பெருமக்களே, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, தெல்தோட்டைத் தோழர்களே! கண்டியிலிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்த இந்த வழக்கறிஞனின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

சிறை மீண்ட இருளப்பனை இந்த லயத்து வரிசை வீடுகளில் இருக்க விடுவதா, விரட்டுவதா? அதைத் தீர்மானிக்கத்தான் கூடியிருக்கிறோம். அவனுக்காகப் பேச வந்தாலும், நான் மழுப்ப வரவில்லை. அவன் குற்றவாளியா? குற்றவாளிதான்! திருவிழா நாளில், குடிவெறியில், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வீசினான். கறுப்பையா என்னும் காளை கண்மூடினான். சட்டம் தண்டித்தது, சரியாகத்தான் தண்டித்தது. அந்தத் தண்டனைக்கு ஒரு முடிவு இருந்தது. நாம் கொடுக்கும் தண்டனைக்கு முடிவு உண்டா? எப்போது முடிப்போம்? யார் முடிப்பார்?

என்னம்மா சொல்கிறீர்கள்? "ஒங்க வூட்டுல செத்திருந்தா இப்பிடிப் பேசுவீங்களா"வா? நல்ல கேள்வி! பேசியிருக்க மாட்டேன், தாயே. கொதித்திருப்பேன், குமுறியிருப்பேன். அதனால்தான் மன்னியுங்கள் என்று எவரையும் கேட்க நான் வரவில்லை. மன்னிப்பு, கறுப்பையாவைப் பெற்ற பேச்சியம்மாவுக்கே உரியது. அதைக் கொடு என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால், அவருடைய கோபமும் அவருக்கே உரியதல்லவா? அதை எடுத்து வீச உங்களுக்கு மட்டும் என்ன உரிமை?

நேற்றுக் காலை நடந்ததைத் தலைவர் சொன்னார், சிலிர்த்துப்போனேன். லயம் முழுவதற்கும் தண்ணீர் தருவது, மலை ஊற்று வந்து விழும் ஒரே பீலி. இருளப்பன் வாளியோடு வருகிறான். பெண்கள் குடங்களை நெருக்கி வைத்து மறிக்கிறார்கள். அவன் ஒதுங்கி நிற்கிறான். அப்போது வந்தார் பேச்சியம்மா.

"ஏன்டி மறிக்கிறீங்க?"

"ஒனக்காகத்தான் அக்கா!"

"நான் கேட்டேனா? எம் மனசு ஆறல, ஆறவும் ஆறாது. அதுக்காக எம் புள்ள பேரச் சொல்லி ஒரு மனுசனுக்குத் தண்ணிய மறிப்பீங்களா? எடுங்கடி கொடத்த!"

குடங்கள் விலகின. பேச்சியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வாளி நிறையும்வரை அங்கேயே நின்றார்.

அது மன்னிப்பா? இல்லை. அது இரக்கம்! மன்னிப்பு மனம் கனிந்து வரவேண்டியது, வராமலும் போகலாம். இரக்கமோ, மனம் எரியும்போதே கை செய்யக்கூடியது! எல்லாம் இழந்தவர் விலகி வழிவிட்டார். எதையும் இழக்காத நாம் வழிமறிப்பதா?

தலைவர் ஐயா அனுமதித்தால் இப்போதே கேட்டுவிடுகிறேன். இருளப்பனை விரட்டத்தான் வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள். கொஞ்சம் பொறுங்கள்! முன்வரிசையில் பேச்சியம்மா இருக்கிறார். அவர் கை மடியில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

என்ன, ஒரு கையையும் காணோமே?

இருளப்பா, வாசலில் நின்றது போதும். உள்ளே வா. அந்தத் தம்பி கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இவனுக்கும் இடம் வேண்டும். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. பேச்சியம்மா, உங்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்!