உள்ளே வர மட்டும்

இல்ல தம்பி, அந்தப் பக்கம் திரும்பாதீங்க. அது மறுபடியும் மாதா கோயிலுக்குத்தான் கொண்டு விடும். நீங்க சுத்திச் சுத்தி வர்றத ரொட்டிக்கடை வாசல்ல நின்னு பாத்துட்டுதான இருந்தேன், அதான் நானே உங்க கார்ல ஏறிட்டேன். போன்ல வழி சொல்ற அந்தப் பொண்ண விடுங்க, அதுக்கு எங்க வில்ஃபோர்ஷ் பத்தி ஒண்ணும் தெரியாது.

ஊரு இம்புட்டுதான். நடுவுல கோயில், எதுக்க மேயர் ஆபீசு, சரிவுல எறங்குனா பழைய துணி தொவைக்கிற தொட்டி, அதத் தாண்டுனா ஆறு. மத்த பக்கமெல்லாம் பாறை. வெளிய போகணும்னா ஆத்துப் பாலந்தான். இந்த வருசம் குளிர் முடிஞ்சதும் எங்க மேயர் கஸ்தோன் ஒவ்வொரு தெருவா அம்புக்குறிப் பலகை நட்டு ஒன்வே ஆக்கிட்டாரு. கடைசியில பாலத்தையும். உள்ள வர மட்டும்.

வெளிய போறதுக்கா? கசாப்புக்கடை எவாரிஸ்தும் ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு அதத்தான் கேட்டாரு. யோசிச்சிட்டிருக்கேன்னாரு மேயரு.

சிரிக்காதீங்க. லூசியன்னு ஒருத்தன், சீஸ் வண்டி ஓட்டிட்டு வந்தான். ரொம்ப ஒழுங்கான ஆளு, பலகைய மீற மாட்டான். வந்தவன் வந்தவன்தான். இப்ப போஸ்டாபீசு மாடியில குடியிருக்கான், போஸ்டாபீசு அம்மாவையே கட்டிக்கப் போறான்.

எர்மீன் கெழவி செத்தப்பத்தான் கூத்து. கல்லறை ஆத்துக்கு அந்தாண்ட. மேயரு பாலத்துல நின்னுக்கிட்டு சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னுட்டாரு. பாதிரியார் பாத்தாரு. பொட்டி தூக்குறவங்கள ஊரப் பாத்து நிக்க வச்சு, அப்படியே பின்பக்கமாவே பாலத்துல நடக்க விட்டாரு. மொகம் அம்புக்குறிப் பக்கந்தான இருக்கு? மேயரும் தொப்பியக் கழட்டிட்டு வழி விட்டாரு.

மத்த நாள்ல பயமில்ல. மத்தியான மணி அடிச்சா மேயரு வீட்டுக்கு சாப்பிடப் போயிருவாரு. வேல உள்ளவங்கல்லாம் அப்பத்தான் பாலத்தத் தாண்டுவாங்க. நாமளும் தைரியமா போலாம். இன்னிக்கு முயல் கறி, கடுகு அரைச்சு ஊத்துனது. லேசுல எந்திரிக்க மாட்டாரு.

எனக்கெப்படித் தெரியுமா? நாந்தான தம்பி ஆக்கி வச்சிட்டு வந்தேன்.

ஆமா, எங்க வீட்டுக்காரருதான். குளிர் முடியிற நேரம், ஒரு நாள் சாப்பிடறப்ப சொன்னேன், கடலோரத்துல எந்தங்கச்சி வீட்டுக்குப் போறேன், திரும்பி வரமாட்டேன்னு. அவரு உப்ப எடுன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. மறுநாளே மொதப் பலகைய நட்டாரு.

போகாதன்னு வாயத் தொறந்து சொல்லிருந்தா இருந்திருப்பேன். ஒவ்வொரு பலகை நடறப்பவும், இன்னிக்குச் சொல்லிருவாருன்னுதான் காத்திருந்தேன். இப்ப பலகை நடறதுக்கு ஊர்ல தெருவே மிச்சமில்ல.

பாலம் தாண்டுனதும் இடது பக்கம் ரயிலடி. அங்க எறக்கி விட்டுருங்க.