புதன்கிழமை யார் முறை

“பொழுது சாஞ்சாலே புதன்டா! ஏரில பாடு எப்போ மாறுது? சாயங்காலந்தானே மாறுது?”

“ஏரி வேற, ரோடு வேறடா! விடிஞ்சாத்தான் புதன். அதுவரிக்கும் செவ்வா. செவ்வா எங்க மொற!”

“அப்போ உங்க ஊர்ல ராத்திரிக்குப் பேரே கெடையாதா?”

“டேய், சித்தப்பாவப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன், நக்கல் பண்றியா?”

கேட்டீர்களா? ஒரு மனிதர் செத்து ஏழு நாள்கூட ஆகவில்லை. நூறு பேர் கூடிக்கொண்டு, அவர் செத்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று சண்டை. முதலில் கத்தியவன் எங்கள் குப்பத்து ஷேர் ஆட்டோ தசரதன். பதிலுக்குக் கத்தியவன் கவியரசன், நெல்லுக்காரர் ஊர், செத்தவரின் அண்ணன் மகன். நான் அங்கே பேசப் போகவில்லை. கருவாடு புரட்டப் போனவள், சும்மா ஓரமாக நின்றேன். மூன்று கூட்டத்துக்கும் ஓரமாகத்தான் நின்றேன்.

சத்யா, அந்தக் கொசுவர்த்தியை இப்படித் தள்ளு. கரண்ட் வருகிறவரைக்கும் சொல்கிறேன். இது என் ஓரகத்தி அமுதவல்லியின் தம்பி பிரபாகரனுக்கு நடந்தது. அமுதவல்லி பொய் சொல்லாதவள் இல்லை. ஆனால் சொந்தத் தம்பியின் மானம் போகிற விஷயத்தில் எவளும் பொய்யைக் கூட்டிச் சொல்ல மாட்டாள்.

விடியற்காலை நாலு மணி. சவுக்குத்தோப்பு நாலு ரோடு... உங்களுக்குத் தெரிந்த இடம்தான். குப்பத்திலிருந்து பொன்னேரிக்குப் போகிற ரோட்டை நெல்லுக்காரர் ஊர் ரோடு வெட்டுகிற இடம். ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் வேலிகாத்தான். தெருவிளக்கு கிடையாது. லைட்ஹவுஸ் வெளிச்சம் சுற்றி வரும்போது மட்டும் மரத்தின் தலை தெரியும். அப்புறம் அதுவும் தெரியாது.

அங்கே நாலு பக்கமும் சிவப்புப் பலகை. “நில்.” ஒரே வார்த்தை. முதல் பலகையில் நம் ஆட்கள் வலை காயப்போட்டிருக்கிறார்கள். இரண்டாவதை மறைத்துக் கல்யாண பேனர். மூன்றாவதை வேலிகாத்தான் தின்றுவிட்டது. நாலாவது பளிச்சென்று இருக்கிறது. அதில் ஆடு முதுகு சொறிந்துகொள்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களா நம் ஆட்கள்? டிகிரி வாங்கியவன்கூட அந்த நாலு ரோட்டுக்கு வந்ததும் எழுத்து மறந்துபோகிறான்.

மீன்காரனுக்கு ஐஸ் கரைகிறது. நெல்லுக்காரனுக்கு மோட்டார் போடணும், கரண்ட் போய்விடும். காலேஜ் போகிறவனுக்கு ஒன்றுமே இல்லை, பிரேக் பிடித்தால் கௌரவம் குறைந்துவிடும். பத்து வருஷமாகப் போகிறேன், குறுக்கே ஒரு நாயும் வந்ததில்லை என்பான். வருகிறது என்று வையுங்கள். தூரத்தில் லைட் தெரிகிறது. என்ன நினைப்பான்? ‘அவன் நிப்பான்.’ குறுக்கே வருகிறவன் என்ன நினைப்பான்? அதையேதான். இரண்டு பேருக்கும் அடுத்தவன் ஒழுக்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இப்படி நம்பி நம்பி மூன்று வண்டி இடித்த பிறகு, இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களும் கூடி ஒரு தீர்ப்பு கண்டுபிடித்தார்கள் பாருங்கள். ஏரியில் இன்றைக்கு இந்த இடத்தில் இவர்கள் வலை போடலாம், நாளைக்கு அவர்கள் போடலாம் என்று முறை வைத்துப் போகிறோம் இல்லையா... பாடு. அதே மாதிரி ரோட்டுக்கும் பாடு! திங்கள், புதன், வெள்ளி குப்பத்து வண்டி நிற்காமல் போகலாம், நெல்லுக்காரர்கள் நிற்கணும். செவ்வாய், வியாழன், சனி அவர்கள் போகலாம், நாம் நிற்கணும். ஞாயிற்றுக்கிழமைக்கு முறை கிடையாது, கறி வாங்கப் போகிற அவசரத்தில் யார் வேண்டுமானாலும் யாரையும் இடிக்கலாம். கைதட்டல். எல்லாருக்கும் டீ. நாலு பலகை நாக்கு வறளக் கத்துகிறதே, எல்லா நாளும் எல்லாரும் நின்றால் என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன். ஓரமாக நிற்கிறவளை யார் மதிக்கிறார்கள்?

ஒன்றை மட்டும் பேச மறந்துவிட்டார்கள். நாள் எப்போது மாறுகிறது? ஏரிப் பாடு பொழுது சாய்ந்தால் மாறும். குப்பத்துக்குச் செவ்வாய் சாயங்காலமே புதன் பிறந்துவிடும். வயலில் தண்ணீர் விடுகிற முறை விடிந்தால்தான் மாறும். நெல்லுக்காரர்களுக்கு விடிகிறவரை செவ்வாய். ஆக, அந்த ராத்திரி முழுக்க இரண்டு ஊருக்கும் முறை. இரண்டு பேரும் நிற்காமல் வரலாம். மறுநாள் ராத்திரி இரண்டு பேருக்கும் முறையில்லை. இரண்டு பேரும் நிற்பார்கள், ‘அட, அவன் போவலியே’ என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

திருவேங்கடம் நெல்லுக்காரர் ஊர்ப் பால்காரர். பழைய மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன். மூடி சரியாகப் பொருந்தாது. பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் டிக்... டிக்... என்று தட்டும். அந்தச் சத்தத்தில்தான் நம் தெருவே எழுந்திருக்கும். அந்த நாலு மணிக்கு, அவர் கணக்கில் செவ்வாய்க்கிழமை, நிற்காமல் வந்தார். பிரபாகரன் மினி வேனில் இறாலை ஏற்றிக்கொண்டு, அவன் கணக்கில் புதன்கிழமை, நிற்காமல் வந்தான்.

இரண்டு பேர் கணக்கும் சரி. ஒருவர்தான் செத்தார்.

கொட்டின பால் வேனின் சூடான சைலன்சரில் பட்டுத் தீய்ந்ததாம். விடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோதும் அந்த வாசனை. அவருடைய ஒற்றைச் செருப்பு ரோட்டில் கிடந்தது. யாரோ எடுத்துப் பலகையின் கம்பத்தில் மாட்டினார்கள். ஆணி இருந்தால் மாட்டுவார்கள், நம் ஆட்களுக்கு அதுதான் மரியாதை.

பிரபாகரனுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பொண்ணு பானுப்ரியா. அவள் அம்மா முனியம்மா, மீன் கூடைக்காரி, கறாரான பொம்பளை. வாசலில் வந்து சொல்லிவிட்டாள்.

“தோ பார் அமுதா. உன் தம்பி அவன் மொறைல போயி இடிச்சிருந்தா, அது விதி. அடுத்தவன் மொறைல பூந்து இடிச்சிருந்தா, எம்பொண்ணு அந்த ஊட்டுக்கு வராது. கூட்டம் இன்னா சொல்லுதோ அதான்.”

அதனால்தான் செவ்வாயா புதனா என்று அந்தச் சண்டை. ஊருக்கு அது வீம்பு. பிரபாகரனுக்கு அது கல்யாணம்.

முதல் கூட்டம் மாதிரியே ரெண்டாவது கூட்டமும் தீர்ப்பில்லாமல் கத்தலிலேயே முடிந்தது. மறுநாள் விடியற்காலை... நாலு மணி. வேன் ரிப்பேராகி வந்த முதல் நாள். பிரபாகரன் நாலு ரோட்டை நெருங்குகிறான். வேனுக்குள் ஐஸ் தண்ணி சொட்டுகிறது. இறால் வாசனை. திடீரென்று அதைத் தாண்டிக்கொண்டு இன்னொரு வாசனை...

தீய்ந்த பால்.

குறுக்கு ரோட்டில் ஒரு மொபெட். சரியாகப் பலகைக்குக் கீழே. நிற்கிறது. ஹெட்லைட் எரிகிறது... ஆனால் ரோட்டில் வெளிச்சம் விழவில்லை. இன்ஜின் சத்தம் இல்லை. காற்று இல்லை. கேன் மூடி மட்டும் டிக்... டிக்... ஓட்டுகிறவர் ஒரு காலை ஊன்றியிருக்கிறார். அந்தக் காலில் செருப்பில்லை. அந்தச் செருப்பு தலைக்கு மேலே கம்பத்தில் தொங்குகிறது.

அவர் கையைத் தூக்கினார். ‘நீ போ’ என்று ஆட்டினார். அவ்வளவுதான்.

பிரபாகரன் போனான். போகாமல் என்ன செய்வான், கால் ஆக்சிலேட்டரிலேயே விறைத்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் மொபெட் அங்கேயே நிற்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பலகை நட்டு இத்தனை வருஷத்தில், அதைப் படித்து மதித்து நின்ற முதல் ஆள் அவர்தான். அதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.

மறுநாளும் நின்றார். நம் முறையிலும் நின்றார், அவர்கள் முறையிலும் நின்றார், முறையே இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் நின்றார். நிற்பது, கையை ஆட்டுவது. பத்து நாளில் பிரபாகரனின் கன்னம் உள்ளே போய்விட்டது. அக்காவிடம் சொன்னான். அவள் மந்திரித்த கயிறு கட்டினாள். பதினோராவது நாள் கயிற்றோடு போனவன், பலகைக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டான். கண்ணாடியை இறக்கினான்.

“நீங்க போங்க நைனா,” என்றானாம். “உங்க மொறதான். போங்க.”

அவர் கையை ஆட்டினார். நீ போ.

“நான் போ மாட்டேன். நீங்க போங்க.”

நீ போ...

ஐஸ் கரைந்து ரோட்டில் ஓடுகிறது. டிக்... டிக்... எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியவில்லை. பின்னாலிருந்து தசரதன் ஷேர் ஆட்டோவில் ஆறு பொம்பளைகளை அடைத்துக்கொண்டு வந்து, நின்ற வேனில் மோதினான். பின்னே? அந்த நாலு ரோட்டில் ஒருவன் நிற்பான் என்று எந்த டிரைவர் எதிர்பார்ப்பான்? நிற்காதவன் இடித்தால் விபத்து. நின்றவனை இடித்தால், “நடு ரோட்ல எவன்டா நிக்க சொன்னான்!” இதைத்தான் தசரதன் கத்தினான். தலைக்கு மேலே பலகை.

அந்த ஆட்டோவில் அமுதவல்லியும் இருந்தாள். மூக்கில் ரத்தத்தோடு இறங்கி ஓடினாள். தம்பி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்க்கிறான்.

“அக்கா, கத்தாத. அவர் போவட்டும்.”

“யாருடா? ரோடு காலியா கீதுடா!”

காலியாகத்தான் இருந்ததாம். ஆனால் அவளுக்கும் பால் தீய்கிற வாசனை வந்தது. ஒரு தடவை, பக்கத்தில், மிகப் பக்கத்தில்... டிக்.

மூன்றாவது கூட்டம். இந்த முறை பெரிய மனிதர்கள் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார்கள். செவ்வாய் என்றால் குப்பத்துக்கு அவமானம், புதன் என்றால் நெல்லுக்காரர்களுக்கு அவமானம். ஆகவே தீர்ப்பு என்ன தெரியுமா? “இரு ஊர் மீதும் குற்றமில்லை. திருவேங்கடம் லைட் போடாமல் வந்திருக்கிறார்.” அழகு! செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? சித்தப்பாவுக்காகத் தொண்டை கிழியக் கத்திய கவியரசன்கூடத் தலையாட்டினான். முனியம்மா முகம் மலர்ந்தது. கூட்டத்திலேயே தை ஏழாம் தேதி என்று சொல்லிவிட்டாள். பானுப்ரியா ஓரத்தில், எனக்குப் பக்கத்தில்தான், குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரபாகரன் எழுந்து நடுவில் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து அந்தச் செருப்பை எடுத்துக் கீழே வைத்தான்.

“லைட்டு எரிஞ்சிச்சி,” என்றான்.



“நல்லா எரிஞ்சிச்சி. தூரத்துலயே பாத்தேன். போர்டையும் பாத்தேன். அவர் நிப்பார்னு நெனச்சேன்... செவ்வாயுமில்ல புதனுமில்ல. அவ்ளோதான்.”

ஒருத்தராவது அவன் தோளைத் தொட்டார்களா என்கிறீர்கள்? எங்கள் குப்பத்துத் தலைவர் திட்டினார். “முடிஞ்ச தீர்ப்ப ஏண்டா கெடுக்குற?” கவியரசன் இப்போதுதான் சித்தப்பா ஞாபகம் வந்து அடிக்கப் பாய்ந்தான். தசரதன் தன் பம்பருக்கு நியாயம் கேட்டான். முனியம்மா பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். ஓரமாக நின்றால் இதெல்லாம் கிடைக்கும்.

உண்மையைச் சொன்னானே, இனி அவர் போய்விடுவார் என்று அமுதவல்லி நம்பினாள். மறுநாள் விடியற்காலை அவர் நின்றார். கையை ஆட்டினார். இப்போது இரண்டு காலிலும் செருப்பு இருந்ததாம்.

பானுப்ரியாவைச் சூலூர்பேட்டையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வே கேட்டில் வேலை. கேட்டை மூடினால் எவனாக இருந்தாலும் நின்றுதான் ஆகணும், முனியம்மா விவரமானவள். அந்த மினி வேனை வாங்கியது யார் தெரியுமா? கவியரசன். சித்தப்பாவை இடித்த வண்டி, சல்லிசாகக் கிடைத்ததாம். செவ்வாய், வியாழன், சனி நிற்காமல் ஓட்டுகிறான். தசரதனும் அப்படியே. பலகையில் வலையும் அப்படியே.

பிரபாகரன் காசிமேட்டுக்குப் போய்விட்டான். ஐஸ் பிளான்ட்டில் வேலை. வண்டியைத் தொடுவதில்லை, எங்கேயும் நடைதான். கல்யாணப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறான். போன வாரம் நான் அமுதவல்லி வீட்டில் படுத்திருந்தேன். விடியற்காலை அவள் போன் அடித்தது. அவன்தான். நான் சும்மா இருப்பேனா, ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“இன்னாடா இந்நேரத்துல? எங்க கீற?”

“தெரு முனைல நின்னுகினு கீறேன்க்கா.”

“நின்னுகினு இன்னா பண்ற?”

“அவர் மொதல்ல போவட்டும்.”

அவன் மூச்சுவிடுகிற சத்தம். தூரத்தில் லாரி ஹாரன். அதற்கும் பின்னால், தகரத்தில் தகரம் தட்டுகிற மாதிரி... டிக்... டிக்... டிக்...

அமுதவல்லி பயந்துபோய் போனை அணைத்தாள். நானே பார்த்தேன், திரை இருட்டாகிவிட்டது.

சத்தம் நிற்கவில்லை.