பதினோராவது ஜோடி

மழைக்காலத்தில் செருப்பை வாசலில் விட்டால் தோல் ஊறிப் பூஞ்சை பிடித்துவிடும். நிழலில் காயவைத்து, லேசாகத் தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் எத்தனை வருஷமானாலும் கெடாது. நான் செருப்பே போடாதவள். இருந்தும் இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் உங்கள் கல்வி இலாகா ஆபீஸுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

நேற்று அமீனா பீ என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் காலேஜில் வாட்ச்மேனாக இருந்த ஷாஹுல் ஹமீதின் மனைவி. அவர் போன மாதம் தவறிப்போனார். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், கவனக்குறைவு என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஒரு வார்த்தையை ஃபைலிலிருந்து எடுக்க வேண்டும் என்று அவள் உங்களுக்கு மனுப் போட்டிருக்கிறாளாம்.

"சாவுற வரைக்கும் அதையேதாம்மா சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள். "நான் பாத்தேன், செருப்பு இல்ல. நான் பாத்தேன், செருப்பு இல்லன்னு. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்."

கேட்டது நியாயமாகப் பட்டது. ஷாஹுல் ஹமீது பார்த்தார். செருப்பு இல்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் காலேஜ் உங்களுக்குத் தெரிந்ததுதான். ராஜா அண்ணாமலைபுரத்தைத் தாண்டி ஆற்றங்கரையில் ஒரு பழைய பங்களா. இண்டர்மீடியட் மட்டும், இரண்டே வருஷம். பையன்கள் மீசை அரும்பும்போது வருவார்கள், அதைக் கத்தரித்துக்கொள்ளப் பழகுவதற்குள் போய்விடுவார்கள். அந்த வருஷம் நானூறு பையன்கள், பதினோரு பெண்கள். அந்தப் பதினோரு பேருக்கு நான் மேட்ரன். காமாக்ஷி மாமி என்றால் பிரின்ஸிபாலே எழுந்து நிற்பார்.

பத்தொன்பது வயதில் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு பதினைந்து வருஷம் மயிலாப்பூரில் என் அண்ணா ஆத்து சமையற்கட்டில் இருந்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. யாரும் என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட மன்னியிடம்தான் கேட்பார்கள். காலேஜில் ஒரு சாவியை என் கையில் கொடுத்தார்கள். இடுப்பில் செருகிக்கொண்ட அன்றைக்கு நடையே மாறிப்போயிற்று என்று மன்னி சொன்னாள். உண்மைதான்.

பெண்களின் அறை பங்களாவுக்குப் பின்னால், பழைய குதிரை லாயத்தில் இருந்தது. தரை இரண்டு படி கீழே. பையன்கள் எட்டிப் பார்க்காமலிருக்க ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே பலகை அடித்திருந்தோம். புரொபஸர் வகுப்புக்குக் கிளம்பும்போது நான் கதவைத் திறந்து பெண்களை அவர் பின்னால் அனுப்புவேன். மணி அடித்ததும் அவரே கொண்டுவந்து விடுவார். உள்ளே போனதும் வெளியிலிருந்து பூட்டுவேன். அறைக்கு இருபது அடி தள்ளி ஒரு குரோட்டன்ஸ் வரிசை. அதைத் தாண்டி எந்த ஆணும் வரக்கூடாது, வாட்ச்மேன் உட்பட. கதவைத் தட்டவோ, பெயர் சொல்லிக் கூப்பிடவோ கூடாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பெண்கள் செருப்பை வாசல் படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஷாஹுல் ஹமீது குரோட்டன்ஸுக்கு இந்தப் பக்கம் நின்று படியைப் பார்ப்பார். செருப்பு இருந்தால் ஆள் இருக்கிறது. படி காலியானால் கேட்டைச் சாத்துவார். இந்த ஏற்பாடு என்னுடையதுதான். பிரின்ஸிபால் மிகவும் பாராட்டினார்.

நீரஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனியர் இண்டர், சயன்ஸ் குரூப். டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொல்வாள். அப்பா சங்கரன், மயிலாப்பூரில் வக்கீல். மற்றப் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள், இவள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். எனக்குச் சேப்பங்கிழங்கு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அம்மாவிடம் சொல்லிச் செய்து எடுத்து வருவாள். அந்தக் குழந்தை மேல் எனக்கு உயிர். இதை நான் விசாரணையிலும் சொன்னேன், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் பொய் இல்லை.

சரஸ்வதி பூஜை லீவு முடிந்து காலேஜ் திறந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டி, மூன்றாம் நாள் பதினோரு மணிக்கே காலேஜை விட்டுவிட்டார்கள். மற்றப் பத்துப் பெண்களையும் வீட்டு மனிதர்கள் வந்து அழைத்துப் போனார்கள். நீரஜாவின் அப்பா கோர்ட்டிலிருந்து வர வேண்டும். அவளுக்கு ஜலதோஷம், உடம்பு லேசாகக் கதகதவென்றிருந்தது. பெஞ்சில் படுத்துக்கொள்ளச் சொல்லி என் மேல்துணியைப் போர்த்திவிட்டேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"மாமி, நீங்க மனசுல வச்சுக்கப்படாது. நாங்க பதினோரு பேரும் பெட்டிஷன் எழுதியிருக்கோம். நாளைக்குப் பிரின்ஸிபால்கிட்ட குடுக்கப் போறேன்."

என்ன பெட்டிஷன் என்று கேட்டேன்.

"வெளியிலேர்ந்து பூட்டறது வேண்டாம்னுதான். உங்களை வேண்டாம்னு எழுதலை."

நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்டினாள். முதல் கையெழுத்து அவளுடையது. நாங்கள் கைதிகள் அல்ல என்று ஒரு வரி இருந்தது. கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை, பயம்தான் வந்தது. யுத்த காலம், எங்கே ஆளைக் குறைக்கலாம் என்று சர்க்கார் தேடிக்கொண்டிருந்தது. பூட்டு இல்லையென்றால் சாவி எதற்கு, சாவி இல்லையென்றால் மேட்ரன் எதற்கு? மறுபடியும் மன்னியின் சமையற்கட்டு. இதெல்லாம் பதினேழு வயதுப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்? தூங்கு என்றேன். தூங்கிவிட்டாள்.

வெளியே வந்து பூட்டினேன். தினமும் பூட்டுவதுதான். ஒரு மணி நேரம் தனியாக இருக்கட்டும், விழித்துக்கொண்டு கதவை இழுத்துப் பார்க்கட்டும், பிறகு நான் வந்து திறந்தால் பூட்டின் அருமையும் மாமியின் அருமையும் தெரியும் என்று நினைத்தேன். தாயார் குழந்தையைக் கொஞ்ச நேரம் அறையில் விட்டுச் சாத்துவதில்லையா? அந்த மாதிரிதான்.

படியில் அவள் செருப்பு கிடந்தது. பழுப்புத் தோல், இடது வாரில் புதுத் தையல். நனைந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். நனையாமலிருக்க எடுத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நனையாமலிருக்க வேண்டுமானால் கதவைத் திறந்து உள்ளே வைத்திருக்கலாம். செருப்பு அங்கேயே கிடந்தால், அவள் அப்பா வந்தவுடன் ஷாஹுல் ஹமீது படியைப் பார்த்து, பெண் உள்ளே இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது.

சங்கரன் ஒன்றரை மணிக்கு ஜட்காவில் வந்தார். ஷாஹுல் ஹமீது மழையில் ஓடிவந்து குரோட்டன்ஸ் ஓரம் நின்று படியைப் பார்த்தார். காலியாக இருந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. பங்களா தாழ்வாரத்தில் நின்றிருந்த என்னிடம் வந்தார்.

"அம்மா, ஆத்துல தண்ணி ஏறிக்கினு கீது. கரை தாங்காது போல. உள்ள யாருனா கீறாங்களா?"

"எல்லாரும் போயாச்சு" என்றேன்.

சங்கரனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். யாராவது சிநேகிதியோடு போயிருப்பாள் என்று ஜட்காவைத் திருப்பினார். விசாரணையில் ஷாஹுல் ஹமீது இதைச் சொன்னார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, படி காலி என்று மட்டும்தான் சொன்னார், அதை நம்பித்தான் பூட்டினேன் என்றேன் நான். சங்கரனுக்கு அந்த நாளே தெளிவாக நினைவில்லை, பாவம். பெரியவர்கள் என் வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் வாட்ச்மேன், இன்னொரு பக்கம் விரதம் தவறாத மயிலாப்பூர் விதவை. வேறு எப்படி முடியும்?

இரண்டரைக்குப் பிரின்ஸிபால் தன் காரில் ஏறச் சொன்னார். திறக்கலாம் என்று நினைத்தேன். திறந்தால் எல்லோரும் போயாச்சு என்றது பொய்யாகும். ஒரு பெண்ணைப் பூட்டி வைத்துக்கொண்டு அவள் அப்பாவைத் திருப்பி அனுப்பினேன் என்று பிரின்ஸிபாலிடம் எந்த வாயால் சொல்வது? ஆற்றைப் பார்த்தேன், இன்னும் கரைக்குள்தான் இருந்தது. குடையை எடுத்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு தடவை அறைப் பக்கம் போய் வந்தேன்.

தட்டினாளா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். தட்டினாள். "மாமி, கால்ல தண்ணி" என்றாள். சத்தம் போடவில்லை, அவள் எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவள். குரோட்டன்ஸுக்கு அப்பால், அந்த மழையில், ஷாஹுல் ஹமீதுக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாவி என் இடுப்பில் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். செருப்புத் தோலைத் தொட்டிருந்தேன் அல்லவா. நாலு மணி வாக்கில் கரை உடைந்ததாம். தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் என் கையால்தான் பூட்டைத் திறந்தேன். கதவு நிலைக்கு மேலே ஒரு சாண் வரை சுவரில் சேறு. பெட்டிஷனில் இருந்த கையெழுத்துகள் எல்லாம் கரைந்துபோயிருந்தன. மற்றப் பத்துப் பேரும் இன்னொன்று எழுதவில்லை.

பெண்களுக்கு இன்னும் பலமான காவல் வேண்டும் என்று விசாரணைக் கமிட்டி எழுதியது. என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். இந்த ஆறு வருஷத்தில் என் பெண்கள் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள். அமீனா பீக்கு மட்டும் சீக்கிரம் பதில் எழுதிவிடுங்கள், நல்ல மனுஷி. இந்தப் பையைச் சங்கரனிடம் சேர்த்துவிடுங்கள். பிரித்துப் பாருங்கள், வார்கூட இற்றுப்போகவில்லை. என்னிடம் விட்டுப்போன எதையும் நான் கெட்டுப்போக விட்டதில்லை.